சுடரைப் பார்க்காத ஆள்

மேடையின் முன்விளிம்பிலிருந்து எட்டு மீட்டர் உயரத்துக்குத் தீத்தூண் எழும்புகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, கைப்பேசிகள் உயர்கின்றன. அந்த ஒன்றரை விநாடியில் தீயை நிமிர்ந்து பார்க்காத ஆள் ஒருவர் அரங்கில் இருப்பார். அதை விட்டவர்தான் அவர். என் கண் அப்போது பாடகரின் இடது காலணியில் இருக்கும். அதற்கும் தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நாடாவுக்கும் எத்தனை அடி என்று அளந்துகொண்டிருக்கும். உரிமம் பெற்ற பிறகு நான் விட்ட சுடர்களை எல்லாம் பிறர் எடுத்த காணொளிகளில்தான் பார்த்திருக்கிறேன்.

மேடையில் சுடர் விடும் இந்தத் தொழிலுக்கு நான் விளக்குப் பலகையிலிருந்து வந்தவன். பல ஆண்டுகள் மேடை விளக்குகளை இயக்கியிருந்தேன். சுடர்க்கருவியும் என் கண்ணுக்கு இன்னொரு விளக்கு போலத்தான் தெரிந்தது. ஒரு கம்பி வருகிறது, ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் எரிகிறது. இதற்கு எதற்குத் தனியாக உரிமம் என்று நண்பர்களிடம் அலுத்துக்கொண்டதுண்டு. அந்த அலுப்பு தீர எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். புதிதாக விசாரிப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உரிமம் வேறு, அனுமதி வேறு. உரிமம் ஆளுக்கு உரியது: இவருக்கு இந்தக் கருவியைக் கையாளத் தெரியும் என்று அரசு தரும் சான்று. அனுமதி நிகழ்ச்சிக்கு உரியது: இந்த மேடையில், இந்த நாளில், இந்த எரிபொருளை, இவ்வளவு அளவில் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல். சட்டைப்பையில் உரிமம் இருக்கிறது என்பதற்காக எந்த மேடையிலும் போய்த் தீ விட முடியாது. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் காரை ஓட்ட முடியாததைப் போல.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் சுடர் விளைவுகளை வாணவேடிக்கையோடு சேர்த்துவிடுகிறார்கள். டெக்சாஸ் போன்ற சில இடங்களில் சுடருக்கென்றே தனி உரிமம் உண்டு. சேர்த்துப் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. வாணத்தில் எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே பொட்டலத்துக்குள் இருக்கின்றன. பற்றவைத்த பின் நிறுத்த வழியில்லை. சுடரில் எரிபொருள் குழாய் வழியே வருகிறது, ஆக்சிஜன் காற்றிலிருந்து கிடைக்கிறது. ஆகவே அதை நிறுத்த முடியும். எங்கள் படிப்பு முழுவதும் அந்த ஒரு வசதியைச் சுற்றித்தான் நடக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமும் பார்வையாளர் முன் சுடர் விளைவுகளுக்கு 160 என்ற எண்ணில் ஒரு தரநிலையும், அருகில் அமர்ந்த பார்வையாளர் முன் வாண விளைவுகளுக்கு 1126 என்ற எண்ணில் வேறொன்றும் வைத்திருக்கிறது. 160 முதலில் வெளியானது 1998இல். அந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்பவர்களும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வயதுச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, கட்டணம், புகைப்படம். உண்மையான தடை ஒன்றுதான்: ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் நிகழ்ச்சிகளில் வேலை பார்த்ததற்கு அவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். அப்படிக் கையெழுத்திட யாரும் எளிதில் முன்வருவதில்லை. நாளை நான் யாரையாவது சுட்டுவிட்டால் அந்தக் கையெழுத்து அவர்களையும் தேடி வரும் அல்லவா?

என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். முதல் நாளே, "தம்பி, முதல் மூன்று மாதம் பொத்தான் பக்கம் வராதே. குழாயைப் பிடி" என்றார். அப்படியே ஆயிற்று. மூன்று மாதம் குழாய் சுருட்டினேன், குழாய் விரித்தேன், ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். எரிவாயு இணைப்புகள் பலவற்றில் மரை இடம்புரியாக இருக்கும். நட்டின் விளிம்பில் அதற்கு அடையாளமாக ஒரு வெட்டு இருக்கும். பழக்க தோஷத்தில் வலம்புரியாக முறுக்கி மரையைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். அக்கா திட்டவில்லை. கெட்ட நட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "வைத்துக்கொள்" என்றார். இன்னும் என் கருவிப்பெட்டியில் இருக்கிறது.

புரொப்பேன் என்ற எரிவாயுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. சுடர்த் தொழிலின் அரிசி அதுதான். மைனஸ் 42 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. ஆகவே சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும்போதே அது வெளியேறத் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 270 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் அதன் பங்கு சுமார் 2 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடு வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து அக்கா ஒருநாள் கணக்குப் போடச் சொன்னார். ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் எவ்வளவு காற்று எரியத் தயாராகும்? பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு மேல். ஒரு சிறிய அறையின் பாதி. அதுவும் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கசிந்த வாயு மேலே போய்க் கலைந்துவிடாது. மேடைக்கு அடியில் இறங்கி, பள்ளமான இடமாகப் பார்த்து உட்காரும். மேடைக்கு அடியில் என்ன இருக்கும்? மின்கம்பிகள், இணைப்புப் பெட்டிகள், எப்போதாவது ஒளிந்து புகைபிடிக்கும் ஒரு தொழிலாளி.

அழுத்தமும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் 0 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளியே குளிராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திரவம் வாயுவாக மாறும்போது தன் வெப்பத்தையே செலவழிப்பதால், தொடர்ந்து எடுத்தால் சிலிண்டர் தானாகக் குளிர்ந்து வெளிப்புறம் பனி பூக்கும். முதல் பாட்டில் எட்டு மீட்டர் எழுந்த சுடர் கடைசிப் பாட்டில் ஐந்து மீட்டரில் சோர்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம். மதிய வெயிலில் ஒத்திகை பார்த்துவிட்டு, குளிர்ந்த இரவில் அதே உயரத்தை எதிர்பார்க்கும் இயக்குநர்களிடம் இதை விளக்குவதே ஒரு தனி வேலை. நல்ல ரெகுலேட்டரும், ஒன்றுக்கு இரண்டாகச் சிலிண்டர்களும் இருந்தால் சமாளிக்கலாம். சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைத்தால் மட்டும் வாயு வரவேண்டிய குழாயில் திரவம் வந்துவிடும். சுடர் இயக்குநர் கேட்டதைவிடப் பெரிதாகவே வரும்.

மதுவகைத் திரவத்தைப் பீய்ச்சி எரிக்கும் கருவிகளும் உண்டு. பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பற்றவைக்கும் பொறி ஒருமுறை தவறிவிட்டால் எரியாத திரவம் மேடைத் தரையில் மெல்லிய படலமாகப் படியும். வழுக்கும். அடுத்த பொறி தவறாமல் வந்தால் வழுக்குவது கவலையாக இருக்காது. 'குளிர்ப் பொறி' என்ற பெயரில் விற்கும் இயந்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். உள்ளே போடுவது டைட்டானியம் போன்ற உலோகத் துகள். குளிர் பெயரில் மட்டும்தான்.

பயிற்சியின் ஐந்தாவது மாதம் அது நடந்தது. ஒரு திறந்தவெளியில் பார்வையாளர் இல்லாத சோதனை. சுடர்முனைக்குக் கீழே இருந்த ஓர் இணைப்பு சரியாக இறுகவில்லை. முனையில் சுடர் எழுந்த கணத்தில் அந்த இணைப்பிலும் விரல் நீளத்துக்கு ஒரு நீலச்சுடர் பற்றிக்கொண்டது. நான் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசியை உருவிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"அணைக்காதே. அடை."

நடந்துபோய்ச் சிலிண்டரின் வால்வைத் திருகினார். நீலச்சுடர் சுருங்கி, தானாகவே இல்லாமல் போனது. பிறகுதான் விளக்கினார். கசியும் வாயு எரிந்துகொண்டிருக்கும்வரை அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வாயுவை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால் கசிவு தொடரும், வாயு தரையில் பரவும், பக்கத்தில் சூடாக இருக்கும் ஏதோ ஓர் உலோகம் அதை மறுபடி பற்றவைக்கும். அப்போது விரல் நீளத்தில் இருக்காது. முதலில் அடை, பிறகு தேவைப்பட்டால் அணை. தீயைக் கண்டால் அணைக்கத் துடிக்கும் கை எல்லாருக்கும் உண்டு. அந்தக் கையைப் பழக்குவதுதான் கடினம். எழுத்துத் தேர்விலும் இதே கேள்வி வேறு வேடத்தில் வந்தது. விடைத்தாளில் எழுதும்போது மணிக்கட்டில் அந்தப் பிடி நினைவுக்கு வந்தது.

விளக்குக்காரனாக இருந்த எனக்கு அதிர்ச்சி தந்த பாடம் ஒன்று உண்டு. மேடை விளக்குகளை இயக்கும் டிஎம்எக்ஸ் 512 என்ற சமிக்ஞை முறை 1986இல் உருவானது. 512 சேனல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. எளிமையானது, மலிவானது, உலகம் முழுக்க ஓடுகிறது. ஆனால் அனுப்பிய செய்தி பிழையில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் கட்டாய ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே ஆபத்தான கருவிகளுக்கு இது ஏற்றதல்ல என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. ஒரு விளக்கு அரை நொடி தவறாக மினுங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் பல ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. அதே மினுக்கம் சுடரில் வந்தால்?

இருந்தாலும் சந்தையில் உள்ள சுடர்க்கருவிகள் பலவற்றில் டிஎம்எக்ஸ் துளை இருக்கிறது. அதனால் தயாரிப்பாளர்கள் தடைகளை அடுக்குகிறார்கள். சுடர் விடும் சேனல் ஒன்று. கருவியை ஆயத்தம் செய்யும் சேனல் இன்னொன்று. இந்த இரண்டாவது சேனலின் மதிப்பு நடுவில் ஒரு குறுகிய இடைவெளிக்குள் இருந்தால்தான் கருவி விழிக்கும். யாரோ ஒருவர் விளக்குப் பலகையில் எல்லாவற்றையும் முழுமைக்கு ஏற்றினாலும், கம்பி அறுந்து எல்லாம் பூஜ்யமானாலும் அது உறங்கியே இருக்கும். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது, அவருக்கு என் வணக்கம். இதற்கு மேலே, சமிக்ஞையோடு தொடர்பில்லாத தனிக் கம்பியில் ஓர் அவசர நிறுத்தம். அதற்கும் மேலே, மேடையின் பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் கையில் ஒரு பிடிபொத்தான். அவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் என் பலகையில் பச்சை விளக்கு எரியும். கையை எடுத்தால், மயங்கி விழுந்தால், தும்மினால்கூட, வால்வுகளுக்கு மின்சாரம் போகாது. மின்சாரம் இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வுகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி.

தேர்வுக்குப் படித்தபோது பழைய விபத்துகளையும் படித்தேன். 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவின் வெஸ்ட் வார்விக்கில் ஓர் இசை விடுதி. மேடை வாணங்களின் பொறி, சுவரில் ஒலித்தடுப்புக்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பட்டது. ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே பெரும்பகுதியில் உயிர் தாங்காத நிலை. 100 பேர் இறந்தார்கள். வாணம் விட அனுமதி வாங்கியிருக்கவில்லை. 2013 ஜனவரி 27, பிரேசிலின் சாண்டா மரியா; திறந்தவெளிக்கான ஒளிவாணத்தை விடுதிக்குள் கொளுத்தினார்கள், கூரையின் நுரையில் பற்றியது. 242 பேர். பத்து ஆண்டு இடைவெளியில், இரண்டு கண்டங்களில், அதே நுரை. இவற்றைப் படித்த பிறகு நான் ஓர் அரங்குக்குள் நுழைந்தால் முதலில் கூரையைத்தான் பார்க்கிறேன். திருமணங்களில்கூட. வீட்டில் உள்ளவர்களுக்கு இது பெரிய தொல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது யாரும் இறக்காத விபத்து. 1992 ஆகஸ்ட் 8, மாண்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கம். மெட்டாலிகா இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு மேடையில் தீ விளைவு ஒன்றின் நடுவே போய் நின்றுவிட்டார். இடது கையில் கடுமையான தீக்காயம். அந்தச் சுற்றுப்பயணத்தில் புதிதாகச் சில விளைவுகளைச் சேர்த்திருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். பழையவையும் அப்படியே இருக்கின்றன என்பதைச் சொல்லவில்லை. பழையவை இருக்காது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். கருவி பழுதாகவில்லை, வால்வு ஒழுகவில்லை. ஒரு வாக்கியம் குறைந்துபோனது. அதைப் படித்த அன்றிலிருந்து, மேடையேறும் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துப்போய், "இது இருக்கிறது, இதுவும் இருக்கிறது, நேற்று இருந்ததும் இன்னும் இருக்கிறது" என்று காட்டுவது என் வழக்கம். நட்சத்திரங்களுக்கு இது பிடிப்பதில்லை. காட்டிவிட்டுத்தான் விடுவேன்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். உரிமம் தபாலில் வந்தது, அட்டை மிகச் சிறியது.

என் சொந்தப் பெயரில் முதல் நிகழ்ச்சி, திறந்தவெளி மேடை, ஆறு சுடர்முனைகள், 22 க்யூக்கள், அதாவது சுடர் விட வேண்டிய 22 தருணங்கள். அனுமதிக்காக அனுப்பிய கோப்பில் மேடை வரைபடம், ஒவ்வொரு முனைக்கும் சுற்றி எவ்வளவு இடைவெளி, சுடரின் உயரம், எரிபொருளின் அளவு, காற்று எவ்வளவு வேகத்தைத் தாண்டினால் நிறுத்துவோம், யார் எங்கே தீயணைப்பானோடு நிற்பார்கள் என்பதெல்லாம் இருந்தன. காப்பீட்டு நிறுவனம் அரசைவிட அதிகக் கேள்விகள் கேட்டது. மதியம் தீயணைப்பு அதிகாரி வந்தார். கோப்பைத் திறக்கவேயில்லை. நேராகப் பின்திரைக்குப் போய், விளிம்பில் ஒரு சிறு கீற்றை வெட்டி, தீக்குச்சியைக் காட்டினார். கீற்று கருகியது, குச்சியை எடுத்ததும் எரியவில்லை. தலையசைத்தார். பிறகு முழு உயரத்தில் ஒரு சுடரை விட்டுக் காட்டச் சொன்னார். உச்சி வெயிலில் கைக்குக் கிடைக்கும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட். அது ஐந்தானால் இருபது விநாடிக்குள் வலி தாங்காது. இதெல்லாம் எண்ணாக எனக்குத் தெரியும். அவர் முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, முகத்தாலேயே அதை அளந்தார். "இரண்டு வரிசையைப் பின்னால் தள்ளுங்கள்" என்றார். என் கணக்கின்படி தேவையில்லை. தள்ளினேன்.

இரவு 13 க்யூக்கள் சரியாகப் போயின. பதினான்காவது, பாட்டின் உச்சம். ஆறு முனைகளும் ஒன்றாக எழ வேண்டும். காதுக்கருவியில் மேடை மேலாளர் எண்ணத் தொடங்கினார். பாடகரின் இடது கால் மஞ்சள் நாடாவுக்கு உள்ளே, பத்திரமாக. விரல் பொத்தானில். மூன்று, இரண்டு. பச்சை விளக்கு அணைந்தது.

அழுத்தவில்லை. அழுத்தியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. நிகழ்ச்சி இயக்குநர் காதுக்குள், "விடுங்கள், விடுங்கள்!" என்று கத்தினார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பக்கவாட்டில் நின்ற பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது. மூன்றாம் முனைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டியின் நிழலில், ஓர் ஒலித் தொழிலாளி குப்புறப் படுத்து ஏதோ கம்பியை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையின் முதுகு முனையிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. என் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி தெரியும். நான் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. பாட்டு முடிந்தது, ஆரவாரம் எழுந்தது. பதினைந்திலிருந்து மீதி எல்லாம் ஒழுங்காகப் போயின. முடிந்ததும் இயக்குநர் வந்து, எதற்குப் பணம் கொடுத்தோம் என்று கேட்டார். ஒலித் தொழிலாளியைச் சுட்டிக்காட்டினேன். அவர் அப்போதும் அதே கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இயக்குநர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சிலிண்டர்களை அடைத்து, குழாய்களில் மிச்சமிருந்த வாயுவை எரித்து வெளியேற்றிவிட்டு, பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். அன்று பார்வையாளராக வந்திருந்த அக்கா அருகில் வந்து நின்றார். நான் எழுதியிருந்தது: "க்யூ 14. விடவில்லை. முனை 3 அருகே ஆள். பக்கவாட்டுக் காவலர் பிடியை விட்டார்."

படித்துவிட்டு, "அந்தப் பையனுக்குப் பெயர் இல்லையா தம்பி?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுந்துபோய்க் கேட்டு வந்து எழுதினேன்.